கண்மாய் வேலையா, கம்பெனி வேலையா?



போன மாசக் கூட்டத்துல கடன் வசூல் பேசி முடிச்சு, தீர்மான நோட்டுல கையெழுத்துப் போடுற நேரம். ஒரு அக்கா செல்போனை நீட்டினாங்க. அவங்க கவுனி அரிசி கிண்டுறதை மக வீடியோ எடுத்து யூடியூபுல போட்டிருந்தது. ஆசையாப் பார்த்தோம். வீடியோ தொடங்குறதுக்கு முன்னாடி ஒரு சோப்பு விளம்பரம் வந்துச்சு.

"இந்த விளம்பரக் காசு எனக்கா வரும்?"னு அக்கா கேட்டாங்க. யாருக்கும் பதில் தெரியலை. விசாரிச்சு எழுதுறேன்னு சொல்லியிருந்தேன்.

விளம்பரம் தர்றவங்க யூடியூபுக்குப் பணம் கட்டுறாங்க. அதுல நமக்குப் பங்கு வரணும்னா, நம்ம சேனலுக்கு 1,000 சந்தாதாரர் சேரணும். அதோட, 12 மாசத்துக்குள்ள மொத்தம் 4,000 மணி நேரம் ஜனங்க அதைப் பார்த்திருக்கணும். அஞ்சு நிமிஷ வீடியோன்னா 48,000 தடவை முழுசாப் பார்க்கணும்! (குட்டி வீடியோவுக்கு மணிக்கணக்குக்குப் பதிலா 90 நாளில் 1 கோடி பார்வை.) அதுக்கப்புறம் விண்ணப்பிச்சுச் சேர்ந்தா, பெரிய வீடியோவுல வர்ற விளம்பர வருமானம் 100 ரூபாய்னா 55 நமக்கு, 45 கம்பெனிக்கு.

அந்த அளவை எட்டாதவங்க வீடியோவிலும் விளம்பரம் போடுவோம், பங்கு கிடையாது என்று 2020 நவம்பரில் அமெரிக்காவில் விதியை மாற்றினார்கள். 2021ல் மற்ற நாடுகளுக்கும் அதுதான் விதி. ஆக, அக்காவோட கேள்விக்குப் பதில்: இப்போதைக்கு வராது.

சம்பாதிச்சவங்களும் இருக்காங்க, மறுக்கலை. பக்கத்துல புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்துல ஒரு தாத்தாவும் பேரன்மாரும் வயல்வெளியில சமைச்சு, 'வில்லேஜ் குக்கிங் சேனல்' என்று 2018ல் ஆரம்பிச்சாங்க. 2021ல் சந்தாதாரர் 1 கோடி ஆச்சு. அந்த வருஷம் கொரோனா நிவாரண நிதிக்கு 10 லட்சம் ரூபாய் கொடுத்தாங்க. ஆனா அவங்களை மாதிரி எத்தனை பேர்?

வீடியோ மட்டுமில்லை. ஓட்டலுக்கு நட்சத்திரம் போடுறோம், வாங்கின சேலை நல்லா இருக்கான்னு கருத்து எழுதுறோம், கோலத்தைப் படம் எடுத்துப் போடுறோம். அதைப் பார்க்கத்தான் கூட்டம் வருது. கூட்டம் வர்ற இடத்துலதான் விளம்பரம் விற்கும். 2012ல் இன்ஸ்டாகிராமை ஃபேஸ்புக் 100 கோடி டாலருக்கு விலை பேசினப்போ, அங்கே வேலை பார்த்தது 13 பேர்தான். படம் போட்டுக் கொடுத்தது சுமார் 3 கோடி பேர். விற்ற காசுல அவங்களுக்கு ஒரு பைசா இல்லை. மொய் வச்சாக்கூட நோட்டுல எழுதி, நம்ம வீட்டு விசேஷத்துக்குத் திருப்பிச் செய்வாங்க.

அப்போ சும்மா உழைக்கிறதே தப்பா? அப்படியில்லை. நம்ம சிவகங்கைச் சீமையில குடிமராமத்துன்னா வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோட போய் வரத்துக்கால் வெட்டுவாங்க. கூலி கிடையாது. கண்மாய் நிறைஞ்சா எல்லார் வயலுக்கும் தண்ணி.

இணையத்திலும் அப்படி வேலை நடக்குது. சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம் என்பவர் முன்னின்று 1998 பொங்கலன்று தொடங்கியது மதுரைத் திட்டம். பல நாட்டுத் தமிழர்கள் பழந்தமிழ் நூல்களைச் சம்பளமில்லாமல் தட்டச்சு செய்து, யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்க வைத்தார்கள். 2003ல் தமிழ் விக்கிப்பீடியா வந்தது. அதுல விளம்பரமே இல்லை, நன்கொடையில ஓடுது. நம்ம பிள்ளைங்க பள்ளிக்கூடத்துக்குக் கட்டுரை எழுதுறது பாதி அதைப் பார்த்துதானே!

அந்தக் கண்மாயிலும் லாரி வச்சுத் தண்ணி எடுக்கிற பெரிய கம்பெனிகள் உண்டு. அதனால விக்கிப்பீடியாவை நடத்தும் அறக்கட்டளை, மொத்தமா எடுக்கிறவங்களுக்குன்னு 2021ல் கட்டணச் சேவை ஆரம்பிச்சது. 2022ல் கூகுள் அதுக்குப் பணம் கட்டுற வாடிக்கையாளரா சேர்ந்துச்சு. தனித்தனியா கேட்டிருந்தா கிடைச்சிருக்குமா? குழுவா இருக்கிற நமக்கு இது தெரியாததில்லை.

வீடியோ போட வேண்டாம்னு நான் சொல்லலை. போனைப் பார்த்துப் பலகார ஆர்டர் வந்தா அது நம்ம வருமானம். அதனால வீடியோவுலயே குழுப் பேரையும், குழுவுக்குன்னு வச்சிருக்கிற நம்பரையும் போடுங்க. மூல வீடியோவை அழிக்காம வச்சுக்குங்க, அது உங்க சொத்து. "உங்க பக்குவத்தை எங்க பக்கத்துல சும்மா போடுறோம்"னு யாராவது வந்தா, எவ்வளவு தருவீங்கன்னு கூச்சப்படாம கேளுங்க.

அந்த அக்கா இப்போ இரண்டாவது வீடியோ போட்டிருக்காங்க, சீப்புச் சீடை. குழுப் பேரு பெரிய எழுத்துல இருக்கு. மாவு அளவை மட்டும் சொல்லவே இல்லை. கேட்டா, "ஆர்டர் கொடுக்கட்டும், செஞ்சு தர்றேன்"ங்கிறாங்க.