கணிப்பொறிப் படிமங்களின் பண்டகசாலை

வங்கிக் கடன் வேண்டி விண்ணப்பித்த ஒருவருக்கு 'இல்லை' என்னும் விடை கிடைக்கின்றது. அவ்விடையைத் தேர்ந்ததில் இயந்திரக் கற்றலுக்கும் பங்குண்டு எனக் கொள்வோம். ஓராண்டு கழித்து அவர் காரணம் வினவினால், அன்றைய கணக்கை மறுமுறை நடத்திக் காட்ட இயலுமா? அதற்கு அன்றைய தரவும் பயிற்றிய மாதிரியும் மட்டும் போதா. அன்று இயங்கிய மென்பொருளும் மாறாமல் இருத்தல் வேண்டும். அதனைப் பேணும் ஏற்பாட்டைப் பற்றி ஈண்டுக் கூற விழைகின்றோம். பெங்களூரிலும் ஐதராபாத்திலும் புனேயிலும் கணிப்பொறித் தொழில் புரியும் நம்மவர் பலர்க்கு இது அன்றாட அலுவலாகும்.

மென்பொருள் தனித்து இயங்குவதன்று. பைத்தான் மொழி, அதன் நிரல் நூலகங்கள், அவற்றின் குறிப்பிட்ட பதிப்புகள் எனத் துணைகள் பல அதற்கு வேண்டும். ஒரு துணையின் பதிப்பு மாறினும் விடை மாறக்கூடும். ஆகவே அனைத்தையும் ஒரே கட்டாகக் கட்டிவைக்கும் முறையைக் கையாளுகின்றனர். 2013ஆம் ஆண்டில் வெளிவந்த டாக்கர் இம்முறையைப் பரவச் செய்தது. அக்கட்டினைக் 'கன்டெய்னர் இமேஜ்' என்பர். நாம் படிமம் என்போம். படிமங்களைச் சேர்த்து வைத்துக் கேட்பவர்க்கு வழங்கும் பண்டகசாலையே 'ரெஜிஸ்ட்ரி' எனப்படுவது.

இயந்திரக் கற்றற்பணி பல படிகளை உடையது: தரவைச் செப்பஞ்செய்தல், மாதிரியைப் பயிற்றுதல், சோதித்தல், பயனுக்கு விடுதல். ஒவ்வொரு படியும் தனக்குரிய படிமத்தைப் பண்டகசாலையினின்று பெற்று இயங்கும். பயிற்சிக்குரிய படிமம் பல கிகாபைட் அளவினதாதல் உண்டு. தொலைவிலிருந்து அதனைத் தருவித்தால் காலமும் பொருளும் வீணாகும். ஆதலின் கணக்கு நடைபெறும் வட்டாரத்திலேயே பண்டகசாலையும் அமைதல் நன்று. அமேசான் நிறுவனம் 2015இல் தொடங்கிய 'ஈசிஆர்' சேவையை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அதன் மேகக் கணிமைக்குரிய மும்பை வட்டாரம் 2016இல் திறக்கப்பட்டது. பயிற்சி மும்பையில் நடப்பின், படிமங்களையும் அங்கேயே வைத்தல் வேண்டும்.

அமைக்கும் முறை எளிது. முதலாவது, பணியின் ஒவ்வொரு படிக்கும் தனித்தனி அறை ஒதுக்குதல். இரண்டாவது, உரிமைகளை வகுத்தல். படிமத்தைக் கட்டுபவர்க்கு வைக்கும் உரிமையும், அதனை இயக்கும் பொறிக்கு எடுக்கும் உரிமையும் போதும். டாக்கர் வழியே நுழைவோர்க்கு ஈசிஆர் வழங்கும் அனுமதி 12 மணி நேரமே செல்லும். மூன்றாவது, வைக்கப்படும் படிமத்தில் அறியப்பட்ட பாதுகாப்புக் குறைகள் உளவா எனச் சோதிக்கச் செய்தல்.

இவற்றினும் தலையாயது ஒன்றுண்டு. படிமத்துக்கு இருவகை அடையாளங்கள் உள்ளன. ஒன்று, 'டேக்' என்னும் பெயர்ச்சீட்டு. 'லேட்டஸ்ட்' என்னும் சீட்டு இன்று ஒரு படிமத்திலும் நாளை வேறொன்றிலும் ஒட்டப்படலாம். அதனை நம்பிப் பழைய கணக்கை மீண்டும் நடத்துவோர், தம்மை அறியாமலே புதிய மென்பொருளை இயக்குவர். மற்றொன்று 'டைஜஸ்ட்'. இது எஸ்எச்ஏ-256 முறையால் உள்ளடக்கத்தினின்றே கணிக்கப்படும் 64 எழுத்தெண்களின் வரிசை. படிமத்தின் கைரேகை எனலாம். உள்ளே ஓர் எழுத்து மாறினும் ரேகை மாறிவிடும். ஆகவே பணியின் ஒவ்வொரு படியிலும் படிமத்தை ரேகையால் குறித்தலே முறை. சீட்டை இடம் மாற்றவொண்ணாதபடி பூட்டும் வசதியும் ஈசிஆரில் உண்டு. நாமாகத் தேர்ந்தெடுத்தாலன்றி அது செயற்படாது.

சேமிப்புக்குக் கட்டணம் உண்டாதலின், பழையன கழிக்கும் விதியும் வேண்டும். ஆயின் வயதை மட்டும் நோக்கும் விதி, வழக்கிலுள்ள மாதிரிக்குரிய படிமத்தையும் நீக்கிவிடும். பயனுக்கு விடப்பட்ட படிமங்களுக்குத் தனிச்சீட்டு இட்டு, அவற்றை அவ்விதியினின்று விலக்குதல் இன்றியமையாதது.

இறுதியாக, ஒவ்வொரு மாதிரியின் பதிவேட்டிலும் தரவின் பதிப்பு, நிரலின் பதிப்பு, படிமத்தின் ரேகை ஆகிய மூன்றையும் ஒருங்கே குறித்து வைக்க வேண்டும். ரேகை பதிவேட்டிலும் படிமம் பண்டகசாலையிலும் இருக்குமளவும், முன்னர் இயங்கிய மென்பொருள் எதுவென்ற ஐயத்துக்கு இடமில்லை.