நித்தியகல்யாணியும் நம் குழந்தைகளும்

டி. கல்லுப்பட்டிச் சுற்றுப்புறத்தில் மழை பொய்த்தாலும் பூக்க மறவாத செடி ஒன்று உண்டு. கல்லறைத் தோட்டத்தின் ஓரங்களிலும், ஆடுமாடு வாய் வைக்காத வேலியடிகளிலும் இளஞ்சிவப்பும் வெள்ளையுமாய் நிற்கும் நித்தியகல்யாணியே அது. கல்லறைத் திருநாளுக்கு முன்பு புல் செதுக்கும் நம் மக்கள் அதனையும் களையோடு களையாய்ப் பிடுங்கி எறிவர். சுடுகாட்டுப் பூ என்று சொல்லி, அதை வீட்டு முற்றத்தில் வைக்க அஞ்சுவோரும் உளர். ஆனால் இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகள் இன்று உலகெங்கும் பிழைத்தெழுவதில் இச்செடிக்குப் பெரும் பங்குண்டு என்பதை நம்மில் எத்துணை பேர் அறிவோம்?

மடகாஸ்கர் தீவு இதன் தாயகம். 1952ஆம் ஆண்டு ஜமேக்காத் தீவிலிருந்து கனடா நாட்டு மருத்துவர் கிளார்க் நோபிளுக்கு ஓர் உறையில் இருபத்தைந்து இலைகள் வந்தன. அத்தீவினர் நீரிழிவு நோய்க்கு அவ்விலையைக் காய்ச்சிக் குடிப்பது வழக்கமாம். அவர் அதனை ஆராய்ச்சியாளரான தம் சகோதரர் ராபர்ட் நோபிளிடம் கொடுத்தார். எலிகளுக்கு அதன் சாற்றைச் செலுத்திப் பார்த்தபோது சர்க்கரை குறையவில்லை. மாறாக, இரத்தத்திலுள்ள வெள்ளணுக்கள் குறைந்தன. வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுவதே பல இரத்தப் புற்றுநோய்களின் இயல்பன்றோ? தேடியது ஒன்று, கிடைத்தது மற்றொன்று. அவரும் சார்லஸ் பியரும் பிரித்தெடுத்த வின்பிளாஸ்டின் 1958இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதே செடியினின்று பின்னர் கிடைத்த வின்கிறிஸ்டின் 1963இல் அமெரிக்காவில் மருந்தாக ஒப்புதல் பெற்றது. ஒரு கிராம் மருந்து எடுக்க நூற்றுக்கணக்கான கிலோ உலர்ந்த இலை வேண்டும். ஆகவே, வீட்டில் இலையை அரைத்துக் கொடுப்பது மருத்துவமாகாது. அது நஞ்சாகவே முடியும்.

இன்னொரு மருந்தின் கதை நம் நாட்டோடு நெருங்கிய தொடர்புடையது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவின் குழுவினர், உயிரணுக்கள் பெருகத் தேவையான ஃபோலிக் அமிலத்துக்கு எதிராகச் செயற்படும் பொருள்களை உருவாக்கினர். அவற்றுள் ஒன்றைப் பாஸ்டன் நகர மருத்துவர் சிட்னி ஃபார்பர் குழந்தைகளுக்குக் கொடுத்தார். 1948இல் அவர் வெளியிட்ட முடிவுகளே, இந்நோய் தற்காலிகமாகவேனும் பின்வாங்கும் என்பதை முதன்முதலில் காட்டின. சுப்பாராவ் அவ்வாண்டே காலமானார். அவர் பெயரை நம் பிள்ளைகளின் பாடநூல்கள் இன்னும் சற்று உரக்கச் சொல்லலாம் என்பது என் எண்ணம்.

தனித்தனி மருந்தால் நோய் ஒளிந்து மீண்டும் தலைகாட்டியது. பலவற்றையும் சேர்த்து நீண்டகாலம் கொடுக்கும் முறையை, அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் 1962இல் திறக்கப்பட்ட புனித யூதா குழந்தைகள் மருத்துவமனையில் டோனால்ட் பிங்கல் வகுத்தார். லெபனானிய மரோனிய கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த நகைச்சுவை நடிகர் டேனி தாமஸ், வறுமைக் காலத்தில் புனித யூதா ததேயுவுக்கு நேர்ந்துகொண்டதன் பேறாக எழுந்தது அம்மருத்துவமனை. நேர்த்திக்கடனுக்கு இப்படியும் ஒரு வழியுண்டு!

நம் மாநிலத்தில், தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி 1954இல் அடையாறு புற்றுநோய் நிலையத்தைத் தொடங்கினார். அப்போது அங்கிருந்தவை பன்னிரண்டு படுக்கைகளே. 1960இல் குழந்தைகளுக்கெனத் தனிப்பிரிவு அங்கே உருவாயிற்று. இந்தியாவில் அதுவே முதலாவது. 2021இல் மறைந்த டாக்டர் வி. சாந்தா தம் வாழ்நாள் முழுவதையும் அந்நிலையத்துக்கே அளித்தார். 1980களில் சென்னை, மும்பை, டெல்லி மருத்துவமனைகள் நம் நாட்டுச் சூழலுக்கேற்ற பொதுவான சிகிச்சை முறையொன்றைக் கையாளத் தொடங்கிய பின், பிழைப்போர் தொகை வெகுவாக உயர்ந்தது. ஆராய்ச்சியும் நிற்கவில்லை. முன்பு பெரும்பாலான பிள்ளைகளுக்கும் தலையில் கதிர்வீச்சுக் கொடுத்தனர்; இன்று பெரும்பாலோருக்கு அது தேவைப்படுவதில்லை. பிளினட்டுமோமாப் என்னும் மருந்தைச் சேர்த்தபோது மூன்றாண்டுகளின் பின் நோயின்றி வாழ்ந்தோர் 100க்கு 88இலிருந்து 96 ஆக உயர்ந்தனர் என 2024இல் வெளியான ஆய்வு கூறுகிறது. எனினும் அதன் விலை ஏழைக்கு எட்டாதது.

செல்வ நாடுகளில் புற்றுநோயுற்ற குழந்தைகளில் 100க்கு 80க்கு மேற்பட்டோர் குணமடைய, பல ஏழை நாடுகளில் 30 பேரே பிழைக்கின்றனர் என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. மருந்தின்மை மட்டுமே இதற்குக் காரணமன்று. இரத்தப் புற்றுநோயில் முதல் ஐந்து வாரங்களிலேயே காய்ச்சல் நீங்கி, பிள்ளை ஓடியாடத் தொடங்கிவிடும். "புதுமை நடந்துவிட்டது, சாமி" என்று பெற்றோர் ஊர் திரும்பிவிடுவர். ஆனால் எலும்பு மஜ்ஜையில் ஒளிந்திருக்கும் நோயணுக்களை அழிக்க இரண்டு மூன்று ஆண்டுகள் மருந்து தொடர வேண்டும். இடையில் நிறுத்தினால் நோய் முன்னிலும் கடுமையாய்த் திரும்பும். நோயுற்றவன் செபிக்கவும் வேண்டும், மருத்துவனுக்கு இடமளிக்கவும் வேண்டும் என்றன்றோ சீராக் நூலின் 38ஆம் அதிகாரம் கற்பிக்கிறது? வேளாங்கண்ணிக்கு நடந்து செல்ல நேர்ந்துகொண்டவர்கள் மருந்துநாள் தவறாமல் சென்று வரட்டும்.

விடாத காய்ச்சல், வெளிறிய முகம், அடிபடாமலே தோன்றும் நீலத் திட்டுகள், எலும்பு வலி, கழுத்தில் குறையாத நெறிக்கட்டி ஆகியவை கண்டால் மந்திரிக்க அலைய வேண்டாம். சாதாரண இரத்தப் பரிசோதனையே பெரும்பாலும் ஐயத்தைக் காட்டிவிடும். கைக்குழந்தையின் கண்மணி இருளில் பூனைக்கண்போல் வெண்மையாய் ஒளிர்ந்தால் அது கண்புற்றாயிருக்கலாம். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு உடனே செல்க. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சைகளும் அடங்கும். பேருந்துக் கட்டணம், இழந்த நாட்கூலி, வீட்டில் விட்டுச்சென்ற மற்றப் பிள்ளைகளின் சோறு ஆகியவை அதில் அடங்கா. அவற்றைப் பங்கிலுள்ள வின்சென்ட் தே பவுல் சபையார் ஏற்கலாம். ஒரு மாதத்திற்கன்று, மூன்று ஆண்டுகளுக்கு.