ராத்திரியிலும் ஏன் சுடுது?

ராத்திரி பத்து மணிக்கும் எங்க மொட்டை மாடி சுடுது. ஏன் தெரியுமா? கான்கிரீட்டும் தார் ரோடும் பகல் வெப்பத்தைச் சேர்த்து வைத்து, இரவில் மெதுவாக வெளியே விடும். மரமும் குளமும் குறைந்த நகரத்தில் சூடு சீக்கிரம் தணியாது.

2010 மே மாதம் அகமதாபாத்தில் வெயில் 46.8 டிகிரி! அந்த மாதம் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்தார்கள். அதனால் 2013-ல் அந்த மாநகராட்சி வெப்பச் செயல் திட்டம் கொண்டுவந்தது. இந்தியாவில் இதுவே முதல். முன்கூட்டியே எச்சரிக்கை, மருத்துவர்களுக்குப் பயிற்சி, குடிதண்ணீர் எல்லாம் அதில் உண்டு. 2017-ல் குடிசைப் பகுதிக் கூரைகளுக்கு வெள்ளை அடித்தார்கள். வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பும். வீட்டுக்குள் சூடு குறையும்.

முதியவர், கைக்குழந்தை, வெயிலில் வேலை செய்பவர் இவங்களுக்குத்தான் ஆபத்து அதிகம். எங்க தெருவில் தனியா இருக்கிற தாத்தா, பாட்டி யார் யார்னு எழுதி வெச்சிருக்கேன். நீங்களும் எழுதுங்க. மதியம் ஒரு தடவை எட்டிப் பாருங்க!