பழைய நோட்டெல்லாம் புதையல் அல்ல

அரியமங்கலத்தில் எங்கள் தெருவில் வசிக்கும் முதிய அம்மையார் ஒருவர் அண்மையில் மஞ்சள் பையுடன் என் வீட்டுக்கு வந்தார். மறைந்த கணவர் சேர்த்துவைத்த ஒரு ரூபாய் நோட்டுகள் அதில் இருந்தன. "ஒரு நோட்டுக்கு ஐந்து லட்சம் தருகிறார்களாம், முதலில் வரியாக மூவாயிரம் கட்ட வேண்டுமாம். கட்டலாமா சார்?" என்றார். "கட்டாதீர்கள் அம்மா" என்றேன்.

பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பழமை மட்டுமே விலையைத் தீர்மானிப்பதில்லை. நோட்டு எத்தனை எஞ்சியிருக்கிறது, எத்தனை பேர் தேடுகிறார்கள், எந்த நிலையில் இருக்கிறது என்னும் மூன்றுமே தீர்மானிக்கின்றன.

முதலில் கையொப்பத்தைப் பார்க்க வேண்டும். ஒரு ரூபாய் நோட்டை வெளியிடுவது மத்திய அரசு. அதில் நிதித்துறைச் செயலர் கையொப்பமிடுவார். ரிசர்வ் வங்கி 1938 முதல் வெளியிட்டுவரும் நோட்டுகளில் ஆளுநரின் கையொப்பம் இருக்கும். காந்தி நூற்றாண்டையொட்டி 1969-இல் வந்த நோட்டுகள் எல்.கே. ஜா, பி.என். அதார்கர் ஆகிய இருவரின் கையொப்பங்களுடனும் கிடைக்கின்றன. அதார்கர் 1970-இல் 42 நாள்களே ஆளுநராக இருந்தவர். படம் ஒன்றே, கையொப்பம் வேறு என்பதால் சேகரிப்பாளரின் நாட்டமும் வேறாகிறது.

அடுத்தது வரிசை எண். வளைகுடா நாடுகளில் மட்டும் புழங்குவதற்காக 1959-இல் வெளியான நோட்டுகளின் எண்ணுக்கு முன்னே 'இசட்' என்ற எழுத்து இருக்கும். அந்நாடுகள் சொந்தப் பணத்துக்கு மாறியபோது அவை திரும்பப் பெறப்பட்டதால், இன்று கிடைப்பது அரிது.

மூன்றாவது நிலை. மடிப்பு, கறை, ஊசித்துளை ஆகிய ஒவ்வொன்றும் மதிப்பைக் குறைக்கும். நோட்டைக் கழுவுவதும் இஸ்திரி போடுவதும் ஒட்டுவதும் மேலும் கெடுக்கும்.

விற்பவர் கேட்கும் தொகை விலை ஆகாது. வாங்குபவர் உண்மையில் கொடுத்த தொகையே விலை. அதை ஏல முடிவுகளிலும் சேகரிப்பாளர் கண்காட்சிகளிலும் அறியலாம். பழைய நோட்டு வணிகத்தில் தன் பெயரைச் சொல்லிக் கட்டணமோ வரியோ கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கியே 2021-இல் எச்சரித்துள்ளது. 2016-இல் செல்லாததாக்கப்பட்ட 500, 1,000 ரூபாய் நோட்டுகளைப் பொறுத்தவரை, 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒருவர் மொத்தம் பத்து நோட்டுகளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஆய்வுக்கும் சேகரிப்புக்கும் 25 வரை அனுமதி உண்டு.

அம்மையாரின் நோட்டுகள் எண்பதுகளில் பலர் கைபட்டுக் கசங்கியவை; முகமதிப்பைவிடச் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கலாம், அவ்வளவே. ஏமாற்றத்துடன்தான் அவற்றைத் திரும்ப எடுத்துச் சென்றார். ஆனால், ஓய்வூதியத்தில் மூவாயிரம் ரூபாய் மிஞ்சியது. உண்மையாக வாங்க வருபவர் பணம் தருவார்; நம்மிடம் முன்பணம் கேட்கமாட்டார்.