அட்வான்ஸுக்கு முன்னால் ஒரு வக்கீல்

சென்னையில் 2 கோடி ரூபாய்க்கு ஒரு கடை கிரயம் வாங்குகிறவர், முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று அரசாங்கத்துக்கு மட்டும் 18 லட்சம் கட்டுகிறார். புரோக்கர் கமிஷன் தனி. கண்ணாடி, ஏ.சி., பெயர்ப்பலகை எல்லாம் அதற்கு மேல். இத்தனைக்கும் முகம் சுளிக்காமல் செலவு செய்பவர், பத்திரங்களைப் படித்துச் சொல்லும் வக்கீலிடம் வந்ததும் பேரம் பேச ஆரம்பிக்கிறார். "பேங்க்லயே லீகல் பாத்துட்டாங்க சார், நீங்க சும்மா ஒரு பார்வை பாத்தா போதும்" என்பது சிவில் பக்கம் தொழில் செய்யும் வக்கீல்களுக்குப் பழகிப்போன வசனம்.

பேங்க்கில் லீகல் பார்த்தது பேங்க்குக்காக. கடன் கொடுத்த பணம் திரும்பி வருமா, வராவிட்டால் சொத்தை ஏலம் விட முடியுமா என்பதே அங்கே கேள்வி. வாங்குபவர் அந்த இடத்தில் என்ன தொழில் செய்யப் போகிறார், பின்பக்கம் கிடங்கு கட்ட முடியுமா, லாரி வந்து திரும்பப் பொதுவழியில் உரிமை இருக்கிறதா என்பதெல்லாம் பேங்க்கின் பட்டியலில் இருக்கும் பேனல் வக்கீலின் கவலை அல்ல.

பத்திரம் பதிவாகிவிட்டால் கவலையில்லை என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. "ரிஜிஸ்ட்ரார் பாக்காமலா பதிஞ்சாரு?" என்பார்கள். அவர் பார்ப்பது தீர்வை சரியா, கையெழுத்துப் போட வந்த ஆள் சரியா என்பதைத்தான். விற்பவருக்கு விற்கும் உரிமை உண்டா என்று ஆராய்வது சார்பதிவாளரின் வேலை அல்ல என்று 2025 ஏப்ரலில், தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. அதற்கு மாறாக இருந்த தமிழ்நாடு பதிவு விதிகளின் 55ஏ விதியின் முதல் உட்பிரிவையும் ரத்து செய்தது.

அடுத்தது ஈ.சி. எனப்படும் வில்லங்கச் சான்று. 1975க்குப் பிந்தைய பதிவுகளைப் பதிவுத்துறையின் இணையதளத்திலேயே இலவசமாகப் பார்க்கலாம். நல்ல வசதிதான். ஆனால் பதிவான ஆவணம் மட்டுமே அதில் ஏறும். பீரோவில் இருக்கும் பதியாத உயில் ஏறாது. இறந்துபோனவரின் வாரிசுகள் யார் யார் என்பது தெரியாது. நீதிமன்றத்தில் ஓடிக்கொண்டிருக்கும் வழக்கு பெரும்பாலும் தெரியாது. வழக்கு நிலுவையில் இருக்கும்போது சொத்தை வாங்கியவர், "எனக்குத் தெரியாது" என்று சொன்னாலும் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவர்தான். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 52ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது.

ஒரு மாதிரிக் கணக்கைப் பார்க்கலாம். பஜார் தெருவில் தாத்தா காலத்துக் கட்டிடம். அப்பா உயில் எழுதாமல் 1995இல் இறந்தார். 1998இல் மகன்கள் இருவரும் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்து, ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டார்கள். பட்டா அவர்கள் பெயரில், வரி ரசீது அவர்கள் பெயரில், ஈ.சி.யில் ஒரு கீறல் இல்லை. அனுபவமுள்ள வக்கீல் இந்தப் பத்திரக் கட்டை வாங்கிப் புரட்டியதும் முதலில் கேட்பது, "அக்கா தங்கச்சி யாரும் இல்லையா?" இருந்தால், 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே அப்பாவின் பாகத்தில் அவர்களுக்குப் பங்கு உண்டு. பூர்வீகச் சொத்தாக இருந்தால் கேள்வி இன்னும் நீளும். தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 அன்று திருமணமாகாதிருந்த மகளுக்கு மகனுக்குச் சமமான பங்கு வந்துவிட்டது. 2005இல் மத்தியச் சட்டத் திருத்தம் வந்தது. அப்போது அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை, பிறப்பாலேயே மகளுக்கு உரிமை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது. ஆக, அக்காவின் கல்யாணப் பத்திரிகைகூட இங்கே ஓர் ஆவணம். அக்கா தன் பங்கை விட்டுக்கொடுத்த விடுதலைப் பத்திரம் எங்கே என்று கேட்காத வக்கீல் ஒப்பீனியன் எத்தனை பக்கம் இருந்து என்ன?

இவை வீடு வாங்குபவருக்கும் பொருந்தும். வணிக இடத்துக்கென்றே சில சிக்கல்கள் தனியாக உண்டு.

2011 அக்டோபர் இறுதியில், தியாகராய நகர் ரங்கநாதன் தெருப் பகுதியில் விதிமீறிக் கட்டிய வணிகக் கட்டிடங்களுக்குப் பூட்டிச் சீல் வைத்தார்கள். தீபாவளி முடிந்த கையோடு நடந்தது. 2012 பொங்கலுக்கு முன்பு உச்ச நீதிமன்றம் தற்காலிக அனுமதி தந்த பிறகே கதவுகள் திறந்தன. அந்தத் தெருவில் ஒரு நாள் வியாபாரம் என்ன மதிப்பு என்பதைத் தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. உரிமை சுத்தமாக இருக்கும் இடத்தில்கூட இப்படிக் கடை மூடும். அதனால்தான் விவரமான வக்கீல், தாய்ப்பத்திரத்தோடு அனுமதி பெற்ற வரைபடத்தையும் கேட்கிறார். வரைபடத்தில் கார் நிறுத்தம் என்று இருப்பது நேரில் துணிக்கடையாக இருந்தால், அந்தத் துணிக்கடையை வாங்குபவரோ வாடகைக்கு எடுப்பவரோ அந்த மீறலையும் சேர்த்தே எடுக்கிறார்.

பழைய கடைத்தெருக்களில் இன்னொரு விசித்திரம், மனை ஒருவருடையது, கட்டிடம் இன்னொருவருடையது. தரை வாடகை கொடுத்து அதன்மேல் கட்டியவர்கள் இவர்கள். 1921ஆம் ஆண்டின் நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம், அதன் வரம்புக்குள் வரும் பழைய குத்தகைதாரர்களுக்கு, நீதிமன்றம் குறிக்கும் விலையில் அந்த மனையையே வாங்கிக்கொள்ளக் கோரும் உரிமையைத் தந்தது. கோயில் மனையாக இருந்தால் கதை வேறு. ஐந்து ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகையோ விற்பனையோ, அறநிலையத்துறை ஆணையரின் அனுமதி இல்லாவிட்டால் 1959ஆம் ஆண்டுச் சட்டப்படி செல்லாது. பத்திரத்தின் எல்லை விவரத்தில் கோயில் பெயர் ஒரு வரி வந்தாலும் நின்று பார்ப்பவர் வேண்டும்.

வாங்குபவரைவிட வாடகைக்கு எடுப்பவர் வக்கீலைப் பற்றி நினைப்பதே குறைவு. சின்னத் தொகை முத்திரைத்தாளில், டைப்பிங் கடையில் இருக்கும் பழைய மாதிரியில் பெயரை மாற்றி, 11 மாத ஒப்பந்தம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிய வேண்டும் என்பதால் வந்த பழக்கம் அது. ஒற்றை ஆள் அறைக்கு அது ஓடலாம். அடுப்பு, புகைபோக்கி, குளிர் அறை என்று 40 லட்சம் இறக்கி ஓட்டல் வைப்பவர், 11 மாதத்துக்குப் பிறகு உரிமையாளரின் மனநிலையை நம்பித் தொழில் நடத்த முடியுமா? ஐந்து வருடம் என்று எழுதிக்கொண்டு பதியாமல் விட்டாலும் பயனில்லை. அதன் நிபந்தனைகளை நிரூபிக்க அந்தத் தாள் நீதிமன்றத்தில் உதவாது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டத்தில், எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் போடாமல் இருப்பதே காலி செய்யக் கோருவதற்கு ஒரு காரணம். அது கடைகளுக்கும் பொருந்தும்.

குத்தகைப் பத்திரத்தில் வக்கீல் சண்டை போடும் இடங்கள் சின்னச் சின்ன வரிகள். இடையில் விலக முடியாத லாக்-இன் காலம் இரு தரப்புக்குமா, வாடகைதாரருக்கு மட்டுமா? வாடகை உயர்வு எந்தத் தொகையின்மேல்? 18 சதவீத ஜி.எஸ்.டி. யார் தலையில்? உரிமையாளர் ஜி.எஸ்.டி. பதிவு இல்லாதவர், வாடகைதாரர் பதிவு பெற்றவர் என்றால், 2024 அக்டோபரிலிருந்து வரியை நேரடியாகக் கட்டும் பொறுப்பு பொதுவாக வாடகைதாரருடையது. கட்டிடத்தை அடமானம் வைத்து உரிமையாளர் கடன் வாங்கியிருந்தால், வங்கி ஏலம் விடும்போது வாடகைதாரர் என்ன ஆவார்? அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்ப வரும்? இந்தக் கடைசிக் கேள்விக்கு எழுத்தில் பதில் இல்லாமல், கடையைக் காலி செய்துவிட்டு அலைகிறவர்கள் ஏராளம்.

அப்படியானால் யாரைப் பிடிப்பது? விளம்பரம் பார்த்துப் பிடிக்க வழியில்லை. இந்தியப் பார் கவுன்சில் விதிகளின்படி வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது. இணையதளங்கள் வழியாக வேலை பிடிப்பதற்கு எதிராக 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும் கடுமையான உத்தரவு போட்டது. ஆகவே ஆடிட்டர், வியாபாரிகள் சங்கம், அதே தெருவில் கடை வாங்கியவர் என்று வாய்வழியாகத்தான் விசாரிக்க வேண்டும். தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று சரிபார்த்துக்கொள்ளலாம். புரோக்கர் கூட்டிவரும் வக்கீலை மட்டும் தவிர்ப்பது நல்லது. கிரயம் முடிந்தால்தான் கமிஷன் என்று இருப்பவர், "வேண்டாம்" என்று சொல்லும் வக்கீலை எதற்குக் கூட்டிவருகிறார்? இரண்டு தரப்புக்கும் ஒரே வக்கீல் என்ற ஏற்பாடும் அப்படித்தான். செலவு மிச்சம், பாதுகாப்பு இல்லை.

முப்பது வருட அனுபவம் என்பது தனியாக ஒன்றும் சொல்லாது. முப்பது வருடமும் கிரிமினல் கோர்ட்டில் நின்றவருக்கு எப்.எம்.பி. என்ற நில அளவை வரைபடமும் டி.எஸ்.எல்.ஆர். என்ற நகர நில அளவைப் பதிவேட்டின் நகலும் புதிதாக இருக்கும். வணிகக் குத்தகைகள் எழுதியிருக்கிறாரா, கட்டைப் படிப்பது அவரா ஜூனியரா, ஒப்பீனியனை எழுத்தில் தருவாரா என்று கேட்பதில் தவறில்லை. கட்டணத்தை வேலைக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்ளலாம். ஜெயித்தால் சொத்தில் பங்கு என்று பேசுவது பார் கவுன்சில் விதிக்கே விரோதம்.

இவ்வளவு விசாரிக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒப்பீனியன் தவறிப்போனால் பிறகு பிடிக்க ஆளில்லை. ஹைதராபாத்தில் போலி ஆவணங்களைக் காட்டி வாங்கிய வீட்டுக் கடன்கள் தொடர்பான வழக்கில், ஒப்பீனியன் கொடுத்த பேனல் வக்கீலையும் சி.பி.ஐ. சேர்த்தது. மோசடியில் அவரும் கூட்டு என்பதற்கு ஆதாரம் இல்லாமல், கவனக்குறைவுக்காக மட்டும் கிரிமினல் வழக்கு நிற்காது என்று 2012இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2024 மே மாதத்தில் இன்னொரு தீர்ப்பு, வக்கீல் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்றது. மிச்சம் இருப்பது பார் கவுன்சில் புகாரும் சிவில் கோர்ட்டும்தான். அந்தச் சிவில் வழக்குக்கும் ஒரு வக்கீல் வேண்டும்.

கையில் வரும் ஒப்பீனியனில் பெரும்பாலோர் படிப்பது "உரிமை தெளிவாக உள்ளது" என்ற வரியை மட்டும். அதற்குக் கீழேயோ மேலேயோ, 'கீழ்க்கண்டவற்றுக்கு உட்பட்டு' என்று நான்கைந்து நிபந்தனைகள் இருக்கும்: வாரிசுச் சான்று அசல், அடமானம் ரத்து செய்த ரசீது, விடுதலைப் பத்திரம், பத்திரிகையில் பொது அறிவிப்பு. அந்த நிபந்தனைகளை அப்படியே கிரய ஒப்பந்தத்துக்குள் கொண்டுவந்து, இன்ன தேதிக்குள் விற்பவர் தர வேண்டும், தராவிட்டால் அட்வான்ஸ் முழுவதும் இத்தனை நாளில் திரும்ப வேண்டும் என்று எழுதச் சொல்லலாம். டோக்கன் அட்வான்ஸ் கைமாறிய பிறகு வக்கீலிடம் போகிறவர்களுக்கு இந்தப் பத்தியை எழுத வைப்பது பெரும்பாடு. விற்பவர் ஏற்கெனவே அந்தப் பணத்தை வேறு இடத்துக்கு அட்வான்ஸ் கொடுத்திருப்பார்.