மொட்டை மாடியிலிருந்து தொடங்குவோம்

சித்திரை மாத இரவில் ஒன்பது மணி வாக்கில், ஃபேனை நிறுத்திவிட்டு, மேல்மாடிப் படுக்கையறையில் ஸ்டூல் போட்டு ஏறி உள்கூரையில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். பிறகு இறங்கிச் சுவரைத் தொடுங்கள். கடைசியாக வெறுங்காலோடு தரையில் நில்லுங்கள். மூன்றும் ஒரே அறையில்தான் இருக்கின்றன. ஆனால் தரை சில்லென்று இருக்கும், சுவர் வெதுவெதுப்பாக இருக்கும், கூரை சுடும். கடன் வாங்கி, பார்த்துப் பார்த்துக் கட்டிய புது வீட்டில் முதல் கோடையிலேயே ஏன் படுக்க முடியவில்லை என்று கேட்பவர்களுக்குப் பாதிப் பதில் அந்த உள்ளங்கையிலேயே கிடைத்துவிடும். மீதியை இந்த டீயைக் குடித்துக்கொண்டே நிதானமாகப் பேசலாம்.

நம் ஊர் இருக்கும் இடத்தை முதலில் யோசியுங்கள். ஏப்ரல் 10 வாக்கில் கன்னியாகுமரிக்கு நேர் உச்சியில் வருகிற நண்பகல் சூரியன், திருச்சியைக் கடந்து, 25 வாக்கில் சென்னைக்கு உச்சியில் நிற்கிறது. ஆகஸ்டில் திரும்பி வரும்போது இன்னொரு முறை. உச்சி வெயில் சுவரில் படுவதில்லை, கூரையில்தான் முழுதாக இறங்குகிறது. மேகமில்லாத நண்பகலில் ஒரு சதுர மீட்டர் கூரைமேல் விழும் வெயிலின் அளவு ஏறக்குறைய 1000 வாட். வீட்டில் துணி தேய்க்கிற சாதாரண இஸ்திரிப் பெட்டியும் அதே 1000 வாட்தான். ஆயிரம் சதுர அடிக் கூரை என்றால் 93 சதுர மீட்டர். 93 இஸ்திரிப் பெட்டிகளை மொட்டை மாடியில் வரிசையாக அடுக்கி ஸ்விட்சைப் போட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். பூசாமல் விட்ட சாம்பல் நிற சிமென்ட் தளம் அந்தச் சூட்டில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைக் குடித்துவிடும். மதியம் இரண்டு மணிக்குத் தளத்தின் மேற்பரப்பு 60 டிகிரியை ஒட்டி நிற்பது அதனால்தான்.

குடித்த சூடு உடனே கீழே வந்துவிடாது. நாம் போடுகிற ஐந்து அங்குல ஸ்லாபைக் கடந்து அடிப்பக்கம் வந்து சேர மூன்று நான்கு மணி நேரம் பிடிக்கும். அதாவது வெயில் தாழ்ந்து, வெளியே காற்று இதமாகும் நேரத்தில்தான் உங்கள் உள்கூரை உச்ச சூட்டுக்கு வருகிறது. நடுநிசி தாண்டியும் அந்தச் சூட்டை விடாமல் கக்கிக்கொண்டிருக்கும். நம் தோலின் வெப்பம் 34 டிகிரி அளவில் இருக்கும். கூரை அதைவிடச் சூடாக இருந்தால், அறையின் காற்று எப்படி இருந்தாலும் கூரையிலிருந்து அனல் நேராக நம் உடம்புக்கு இறங்கும். ஃபேன் போட்டால் கூரையை ஒட்டித் தேங்கிய சூடான காற்றையும் அது கீழே தள்ளும். அதைத்தான் “ஃபேன் அனல் காத்து வீசுது” என்கிறோம். ஃபேன்மேல் குற்றமில்லை.

புது வீட்டுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. கான்கிரீட்டில் கலந்த தண்ணீர், பூச்சில் கலந்த தண்ணீர், வாரக்கணக்காகக் காலையும் மாலையும் அடித்த தண்ணீர் எல்லாம் கட்டடத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் காயும். அதற்கு ஓராண்டுகூட ஆகலாம். அந்த ஈரம் அறைக்குள் வருவதால் முதல் கோடையில் புழுக்கம் சற்றுக் கூடுதலாகத்தான் இருக்கும். இதற்கு மருந்து ஜன்னலைத் திறந்து வைப்பதும் பொறுமையும்தான்.

நம் தாத்தாக்கள் காலத்துக் கட்டடங்களில் இந்தத் தொல்லை ஏன் இத்தனை இல்லை? உயரமான கூரை ஒரு காரணம், ஆனால் முதல் காரணம் அதுவல்ல. மெட்ராஸ் டெரஸ் என்று சொல்லும் பழைய தளத்தை இடிக்கும்போது அருகில் நின்று பார்த்திருந்தால் தெரியும். தேக்குக் கட்டைகளின்மேல் மெல்லிய சிறு செங்கற்களைக் குத்துக்கல்லாக, மூலைவாட்டத்தில், சுண்ணாம்புக் கலவையில் பதித்திருப்பார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கனத்த அடுக்கு. கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, வரிசையாக உட்கார்ந்த பெண்கள் மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து அடித்து இறுக்கிய அடுக்கு அது. எல்லாவற்றுக்கும் மேலே தட்டோடு. செங்கல் ஜல்லிக்குள்ளும் சுண்ணாம்புக்குள்ளும் நுண்ணிய காற்றறைகள் ஏராளம். கெட்டியான கான்கிரீட்டைப் போலச் சூட்டை அது எளிதில் கடத்தாது. அந்த உழைப்புதான் கீழே இருந்தவர்களைத் தூங்க வைத்தது.

இன்றும் ஆர்.சி.சி. தளத்தின்மேல் மூன்று அங்குலம் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பு போட்டு, தட்டோடு பதிக்கிற வேலை இருக்கிறது. மேஸ்திரிகள் அதை வெதரிங் கோர்ஸ் என்பார்கள். ஆனால் புது வீடுகளில் பாதிக்கு மேல் அதைப் போடாமலே விட்டுவிடுகிறார்கள் என்பது என் எண்ணம். கையிருப்புக் கரைந்திருக்கும். “அடுத்த மாடி எழுப்பத்தானே போறோம், இப்ப எதுக்கு?” என்று யாராவது சொல்லியிருப்பார்கள். தூண் கம்பிகள் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும். அடுத்த மாடி வர ஐந்து ஆண்டாகலாம், பத்தாண்டாகலாம். அதுவரை அந்தக் குடும்பம் வெறும் ஸ்லாபுக்கு அடியில் வேகும். இது எனக்கு மனசுக்குக் கஷ்டமான விஷயம். ஏனென்றால் மிகக் குறைந்த செலவிலேயே இதற்கு வழி இருக்கிறது.

அந்த வழி வெள்ளை. சுத்தமான வெள்ளைப் பூச்சு புதிதாக இருக்கும்போது வெயிலில் ஏறக்குறைய 80 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். அகமதாபாதில் 2010-ல் அடித்த கொடும் வெயில் பல உயிர்களை எடுத்த பிறகு, 2013-ல் அந்த நகரம் வெப்பத்தைச் சமாளிக்கத் தனித்திட்டம் வகுத்தது. 2017-ல் ஏழைகள் வாழும் பகுதிகளில் கூரைகளுக்கு வெள்ளையடிக்கத் தொடங்கினார்கள். தெலங்கானா 2023-ல் இதற்கென்று தனிக் கொள்கையே அறிவித்தது. கடையில் கூல் ரூஃப் பெயின்ட் என்று விற்பதும் இதே வேலையைத்தான் செய்கிறது, கொஞ்சம் கூடுதல் நாள் உழைக்கும். கையில் காசு குறைவென்றால் கிளிஞ்சல் சுண்ணாம்பே போதும். நீற்றி, வடிகட்டி, பசை கலந்து, தளத்தைக் கழுவி ஈரப்படுத்திய பிறகு, ஒரு கோட் காய்ந்தபின் அடுத்த கோட்டாக மூன்று கோட் அடியுங்கள். தூசி படிந்தால் அதன் பலன் குறையும். அதனால் ஆண்டுதோறும் மாசி, பங்குனியில் மறுபடி அடிக்க வேண்டும். மாடித் தண்ணீரை மழைநீர்த் தொட்டிக்கு விடுகிறவர்கள் முதல் மழையை வெளியே விட்டுவிடுங்கள்.

வெள்ளைக்குப் பதில் பளபளக்கும் சில்வர் பெயின்ட் அடிக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். அதுவும் வெயிலைத் திருப்பும். ஆனால் உள்ளே போன சூட்டை இரவில் வானத்துக்கு விட்டுக்கொடுக்க அது மனசு வைக்காது. வெள்ளைச் சுண்ணாம்பு இரண்டையும் செய்யும்.

எதை அடிப்பதற்கு முன்னும் ஒரு சின்னச் சோதனை. புதுத் தளத்தில் ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி கனமான பாலித்தீன் தாளை விரித்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டி, ஒரு நாள் விட்டுவிடுங்கள். மறுநாள் தாளின் அடியில் நீர் முத்துக்கள் நின்றாலோ தளம் கறுத்திருந்தாலோ உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. அந்த நிலையில் பெயின்ட்டோ வாட்டர்புரூஃபிங்கோ அடித்தால் அடுத்த வெயிலில் கொப்புளம் கொப்புளமாக எழும்பிவிடும். சுண்ணாம்புக்கு அந்தப் பயமில்லை, அது ஈரத்தை மூச்சுவிட விடும். முதல் ஆண்டு சுண்ணாம்பு, அடுத்த ஆண்டு பெயின்ட் அல்லது வெள்ளை டைல்ஸ் என்று வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

கொஞ்சம் செலவு செய்ய முடிந்தவர்களுக்கு வெதரிங் கோர்ஸும் அதன்மேல் வெள்ளை டைல்ஸும் நல்ல ஜோடி. பத்தடிக்கு இரண்டு அங்குலமாவது வாட்டம் இருக்கிறதா என்று நின்று பாருங்கள். சுண்ணாம்புக்குப் பதில் சிமென்ட்டைக் கலந்து வேலையைச் சீக்கிரம் முடிக்கப் பார்ப்பார்கள், விடாதீர்கள். சிமென்ட் சீக்கிரம் இறுகும், சீக்கிரம் வெடிக்கும். வேறு சிலர் தளத்தின்மேல் எக்ஸ்பிஎஸ் என்னும் வெப்பத்தடுப்பு நுரை அட்டை பரப்பி அதன்மேல் மெல்லிய கான்கிரீட் போடுகிறார்கள். அதுவும் நன்றாகவே வேலை செய்யும்.

இங்கே ஒரு கேள்வி வரும்: மேலே செய்வதைக் கீழேயே செய்துவிட்டால் என்ன? ஃபால்ஸ் சீலிங் போட்டால் அழகாகவும் இருக்குமே? அனல் நேராக உடம்பில் இறங்குவதை அது கொஞ்சம் தடுக்கும், உண்மைதான். ஆனால் அதற்கு மேலே இருக்கிற ஸ்லாப் தினமும் வெந்து தினமும் ஆறிக்கொண்டேதான் இருக்கும். பத்து மீட்டர் நீளமுள்ள கான்கிரீட் 25 டிகிரி ஏறினால் இரண்டரை மில்லிமீட்டர் நீளும், இரவில் சுருங்கும். அடியில் இருக்கும் செங்கல் சுவர் அந்த அளவு அசையாது. ஸ்லாபும் சுவரும் சேரும் இடத்தில் நேர்கோடாக ஒரு வெடிப்பு ஓடுவதைப் பல வீடுகளில் பார்த்திருப்பீர்கள். அதற்கு இந்த இழுபறியும் முக்கியக் காரணம். கூரைக்கு மேலே தடுத்தால் தூக்கமும் கிடைக்கும், கட்டடமும் பிழைக்கும்.

நிழல் எப்போதும் நல்லது. தென்னங்கீற்றுப் பந்தலோ பச்சை வலையோ தளத்திலிருந்து எட்டி, இடையில் காற்றோட நிற்க வேண்டும். சோலார் பலகை போடுகிற எண்ணம் இருந்தால் மின்சாரத்தோடு நிழலும் கிடைக்கும்.

சாயங்காலம் மாடியில் தண்ணீர் ஊற்றும் பழக்கத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 0.67 யூனிட் அளவு வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. 15 லிட்டர் வாளி என்றால் பத்து யூனிட். ஒன்றரை டன் ஏசி இரண்டு மணி நேரத்தில் அறையிலிருந்து வெளியேற்றும் வெப்பம் அவ்வளவுதான். வாளித் தண்ணீர் எடுக்கும் வெப்பம் முழுவதும் தளத்திலிருந்தே வருவதில்லை, ஆனாலும் பெரும்பங்கு அங்கிருந்துதான். குழாயைத் திறந்துவிட்டு ஓடவிடுவது வீண். தளம் நனையும் அளவு தெளித்து, காய்ந்ததும் மறுபடி தெளிப்பதுதான் கணக்கு. பழைய கோணிச்சாக்கை விரித்து நனைத்தால் இன்னும் மெதுவாக ஆவியாகும். கிணறோ போரோ வற்றும் ஊரில் இதை நான் சொல்லமாட்டேன். வெடிப்புள்ள தளத்திலும் கூடாது.

கூரை முடிந்தால் அடுத்தது மேற்குச் சுவர். மதியம் மூன்று மணிக்கு மேல், காற்றே சூடாக இருக்கும் நேரத்தில், சூரியன் தாழ்ந்து மேற்கு ஜன்னலுக்குள் நேராக நுழைகிறது. இரண்டடி சன்ஷேடு உச்சி வெயிலைத்தான் தடுக்கும், சாய்ந்த வெயில் அதற்கு அடியில் புகுந்துவிடும். உள்ளே திரை போடுவது பாதி வேலைதான், ஏனென்றால் கண்ணாடியைக் கடந்து வந்த வெயில் திரையைச் சூடாக்கி, அந்தச் சூடு அறைக்குள்ளேயே தங்கிவிடும். மூங்கில் தட்டியை ஜன்னலுக்கு வெளியே கட்டுங்கள். மேற்கே இடமிருந்தால் ஒரு புங்கை, செப்டிக் டேங்கிலிருந்தும் சம்ப்பிலிருந்தும் தள்ளி. அது வளரும்வரை முருங்கை. தெற்கு ஜன்னலைப் பற்றிப் பயப்பட வேண்டாம். கோடையில் நண்பகல் சூரியன் நமக்கு உச்சியிலோ சற்று வடக்கிலோ இருப்பதால் தெற்குச் சுவரில் வெயில் குறைவு, தென்றலும் அந்தப் பக்கம்தான்.

ஜன்னலை எப்போது திறப்பது என்பதை ஊரைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். திருச்சி, வேலூர் போன்று கடலிலிருந்து தள்ளியிருக்கும் ஊர்களில் காலை பத்து மணிக்கு மேல் வெளிக்காற்று வீட்டுக் காற்றைவிடச் சூடு. மூடிவிட்டு, இருட்டியபின் எல்லாவற்றையும் திறங்கள். சென்னை போன்ற கடலோரத்தில் மதியத்துக்கு மேல் கடற்காற்று வரும், அதை விட்டுவிடக் கூடாது. அங்கே புழுக்கம்தான் எதிரி, காற்று ஓட வேண்டும். எந்த ஊரானாலும் காற்று நுழைய ஒரு வழி, வெளியேற ஒரு வழி வேண்டும். இரவில் மாடிப்படி உச்சியிலுள்ள கதவைத் திறந்து வைத்தால், சூடான காற்று படிக்கட்டு வழியே மேலேறிப் போய்விடும், கீழ் ஜன்னல்கள் வழியே குளிர்ந்த காற்று உள்ளே வரும். திருட்டுப் பயம் இருப்பதால்தான் மூடிவைக்கிறோம். அந்த இடத்தில் கொசுவலை அடித்த கிரில் கேட் ஒன்றை மாட்டிவிட்டால் கவலை தீரும்.

இவ்வளவும் செய்த பிறகு ஏசி வாங்குங்கள், தாராளமாக. வயதானவர்களும் கைக்குழந்தையும் இருக்கும் வீட்டில் மே மாதத்துக்கு அது ஆடம்பரமல்ல. ஆனால் கடைக்காரர் மேல்மாடி என்று கேட்டதும் டன்னைக் கூட்டிச் சொல்வார். கூரைக்கு வெள்ளை அடித்து ஒரு வாரம் பார்த்துவிட்டு அப்புறம் கடைக்குப் போங்கள்.