உங்களுக்குத் தெரியுமா? அகதிப் பாட்டில் ஒரு பங்க் கிதார்

2006இல் இலங்கையின் கிழக்கே மாவிலாற்றுச் சண்டை மூண்டபோது வெருகல் மக்கள் மூட்டைமுடிச்சுகளோடு வாகரைப் பக்கம் ஓடினார்கள். அதே ஆண்டு, சிறுவயதில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்து லண்டனுக்கு அகதியாகப் போன பாடகி மாயா அருள்பிரகாசத்துக்கு (எம்.ஐ.ஏ.) அமெரிக்க விசா இழுபறியானது. அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் 2007இல் வந்த ‘பேப்பர் பிளேன்ஸ்’. அதன் அடியில் ஓடும் கிதார், பிரிட்டிஷ் பங்க் குழுவான ‘தி கிளாஷ்’ 1982இல் வெளியிட்ட ‘ஸ்ட்ரெயிட் டு ஹெல்’ பாட்டிலிருந்து எடுத்தது. அந்தப் பழைய பாட்டும் குடியேறிகளைக் கைவிடும் நாடுகளைப் பற்றியதே! ‘பேப்பர் பிளேன்ஸ்’ பல்லவியில் துப்பாக்கி வேட்டும் கல்லாப்பெட்டி மணியும் கேட்கும்; குடியேறிகள் பணம் பறிக்க வருகிறார்கள் என்ற வசைக்கு அதுவே பதிலடி. வேட்டுச் சத்தத்தை எம்.டி.வி. மழுக்கித்தான் ஒளிபரப்பியது. 2009 பெப்ரவரியில், வன்னியில் ஷெல் விழுந்துகொண்டிருக்க, நிறைமாதக் கர்ப்பிணியாக மாயா கிராமி மேடையில் பாடினார்.